இரண்டு கியர் மார்கன் மூன்று சக்கரக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷைரில் மால்வெர்ன் லிங்க் என்ற ஊரில் 1910 தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை தயாரான, இரண்டே கியர் கொண்ட, ரிவர்ஸ் இல்லாத மார்கன் வண்டியைப் பற்றிய பக்கம் இது. பின்னால் வந்த மூன்று கியர் மாடல்கள், ஃபோர்டு இன்ஜின் வைத்த எஃப் வகை வண்டிகள் ஆகியவற்றை ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறோம்.

இதைக் கார் என்பதா, மோட்டார் சைக்கிள் என்பதா?

அந்தக் காலத்தில் இதற்கு சைக்கிள்கார் என்று தனிப் பெயரே இருந்தது. மோட்டார் சைக்கிளின் இன்ஜினும் செயினும், காரின் இருக்கையும் ஸ்டியரிங்கும் சேர்ந்த எளிய வண்டி. 1912 டிசம்பரில் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு இதற்கு எல்லை வகுத்தது: எடை 350 கிலோவுக்குள், இன்ஜின் 1100 சிசிக்குள், கிளட்சும் கியரும் கட்டாயம்.

பிரிட்டனில் 1921இல் கார்களுக்குக் குதிரைத்திறன் கணக்கில் வரி வந்தது. ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு. 8 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 406 கிலோவுக்கு உட்பட்ட மூன்று சக்கர வண்டிக்கோ மொத்தமே 4 பவுண்டுதான். ஆஸ்டின் செவன் என்ற சிறிய நான்கு சக்கரக் காரை வைத்திருந்தவர் 8 பவுண்டு கட்டினார். மார்கனை இத்தனை காலம் விற்க வைத்ததில் இந்த வரி வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எடை கூடினால் சலுகை போய்விடும் என்பதால், தேவையில்லாத ஒரு கிலோகூட வண்டியில் ஏறவில்லை. இதில் விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எடையும் பாகங்களும் குறைய வேண்டும் என்ற ஒரே கணக்குதான் இருக்கிறது.

உருவாக்கியவர் யார்?

எச்.எஃப்.எஸ். மார்கன். ஹெர்ஃபோர்ட்ஷைரின் ஸ்டோக் லேசி ஊர்ப் பாதிரியாரின் மகன். ஸ்விண்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பட்டறையில் தொழில் பழகி, பிறகு மால்வெர்ன் லிங்க்கில் வாகனப் பட்டறை வைத்தார். மால்வெர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் ஸ்டீஃபன்சன்-பீச் உதவியோடு 1909இல் முதல் வண்டியை, ஒரு பெஷோ வி-ட்வின் (வி வடிவில் நிற்கும் இரண்டு சிலிண்டர்) இன்ஜினைச் சுற்றிக் கட்டினார். 1910 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்குப் போனது ஒற்றை இருக்கை வண்டி. ஸ்டியரிங் வீல்கூட இல்லை, கைத்தண்டால் திருப்ப வேண்டும். பார்த்தவர்கள் இரண்டு இருக்கை கேட்டார்கள். 1911இல் இரண்டு இருக்கையும் ஸ்டியரிங் வீலும் வந்தன, ஆர்டர்களும் வந்தன.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஏன் இப்படி?

நம் ஊர் ஆட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்த அமைப்பு இது. ஆட்டோவில் ஒற்றைச் சக்கரம் முன்னால் இருப்பதால், வளைவில் பிரேக் அடித்தால் பாரம் முன்னோக்கிக் குறுகலான முனைக்குப் போகிறது. கவிழும் அபாயம் அங்கேதான். மார்கனில் பிரேக் அடித்தால் பாரம் அகலமான முன்பக்கத்துக்குப் போகிறது. இன்ஜினும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், எடை விழுவது இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையில்.

அதற்காக இது கவிழவே கவிழாது என்று நினைத்துவிட வேண்டாம். 1924இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்த 200 மைல் பந்தயத்தில் ஈ.பி. வேர் ஓட்டிய மார்கன் மிகக் கோரமாக விபத்துக்குள்ளானது. அதன் பிறகு அங்கே மூன்று சக்கர வண்டிகளைக் கார்களோடு சேர்த்து ஓடவிடவில்லை. சாதாரணச் சாலையில் பெரும்பாலும் நடப்பது வேறு: ஈரத்தில் பின்சக்கரம் பிடி விட்டு வால் வெளியே போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக இழுத்துக்கொண்டே போவதுதான் சரியான ஓட்டம்.

கியர்பாக்ஸ் இல்லாமல் இரண்டு கியர் எப்படி?

இந்த வண்டியின் மிக அழகான பகுதி இதுதான். இன்ஜினின் ஃப்ளைவீலில் கூம்பு வடிவமுள்ள கோன் கிளட்ச். அங்கிருந்து வண்டியின் முதுகெலும்பான பெரிய குழாய்க்குள் ஒரு ஷாஃப்ட் பின்னால் ஓடி, பெவல் பாக்ஸில் முடிகிறது. அங்கே ஒரு ஜோடி பெவல் பற்சக்கரங்கள் சுழற்சியைக் குறுக்கு ஷாஃப்டுக்கு மாற்றுகின்றன. குறுக்கு ஷாஃப்டின் இரு முனைகளிலும் வெவ்வேறு அளவுள்ள ஸ்ப்ராக்கெட்டுகள், அதாவது செயின் மாட்டும் பற்சக்கரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செயின் பின்சக்கரத்தின் இருபுறத்துக்கும் போகிறது. ஒன்று கீழ் கியர், மற்றது மேல் கியர்.

இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஷாஃப்டில் சும்மா சுற்றக்கூடியவை. கியர் லீவரைத் தள்ளினால் பல் வைத்த டாக் கிளட்ச் ஒன்று நகர்ந்து ஏதாவது ஒரு ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டோடு பூட்டுகிறது. நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். வேலை செய்யாத செயினும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எனவே இரண்டுமே தேயும். விகிதம் மாடலுக்கு மாடல் மாறும். மேல் கியர் சுமார் 4.5 முதல் 5க்கு 1, கீழ் கியர் 8 முதல் 10க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். மேல் கியரில் போகும்போது சக்தி வீணாவது மிகக் குறைவு. எடை குறைந்த வண்டிக்கு இரண்டு கியரே தாராளமாகப் போதும்.

எப்படி ஸ்டார்ட் செய்வது?

ஹேண்டில் இன்ஜினில் மாட்டுவதில்லை. வண்டியின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாகக் குறுக்கு ஷாஃப்டின் முனையில் மாட்டுகிறது. அதாவது நீங்கள் சுற்றும் சுற்று பெவல் பாக்ஸ், நீள ஷாஃப்ட், கிளட்ச் எல்லாவற்றையும் கடந்துதான் இன்ஜினுக்குப் போகிறது. அதனால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்; கிளட்ச் பிடித்த நிலையில், பெடலை அழுத்தாமல் இருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் டேப்பையும் ஆயில் டேப்பையும் திறக்கவும். கார்புரேட்டரின் மேலுள்ள சின்னக் குமிழை அழுத்திப் பெட்ரோல் லேசாக வழியும்வரை நிரப்பவும். காற்று லீவரை மூடி, த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து, இக்னிஷனை முழுக்க ரிடார்டில், அதாவது பொறி தாமதமாக விழும் நிலையில், வைக்கவும். ரிடார்டை மறந்தால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டு உடைய அது போதும். கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்து ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும், சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. வால்வைத் திறந்து வைத்துச் சுற்றுவதை இலகுவாக்கும் வால்வ் லிஃப்டரைத் தூக்கி வைத்துச் சுற்றி, இன்ஜின் வேகம் எடுத்ததும் லிஃப்டரை விடவும். பிடித்துக்கொண்டதும் இக்னிஷனை அட்வான்ஸுக்குக் கொண்டுவந்து, சூடாகச் சூடாகக் காற்றைத் திறந்துகொண்டே போகலாம்.

நாலைந்து தடவை சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கன்னங்கரேலென்று எண்ணெய் படிந்திருந்தால் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் ஆயில் தேங்கியிருக்கிறது. பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.018 முதல் 0.020 அங்குலம் இருந்தால் சரி. மெதுவாகச் சுற்றும்போது மேக்னெட்டோ பலவீனமான பொறிதான் தரும். பிளக் இடைவெளி அகலமாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

ஆக்சிலரேட்டர் எங்கே?

ஸ்டியரிங்கில். த்ராட்டில், காற்று ஆகியவற்றுக்கான சின்ன லீவர்கள் ஸ்டியரிங் வீலிலேயே பொருத்தப்பட்டு, அதோடு சேர்ந்தே திரும்பும். காலுக்குக் கிளட்சும் பிரேக்கும் மட்டும். பழைய வண்டிகளில் ஸ்டியரிங் நேரடி இணைப்பு, குறைப்புப் பற்சக்கரம் எதுவும் கிடையாது. முழு வளைவுக்கும் வீலைக் கொஞ்சம்தான் திருப்ப வேண்டும் என்பதால் லீவர் கையை விட்டுப் போகாது. 1920களின் இறுதியில் ஸ்டியரிங்குக்குக் குறைப்புப் பெட்டி வந்தது. கைவலி பெரிதும் குறைந்தது.

கீழ் கியரிலிருந்து மேலுக்கு: த்ராட்டிலை மூடி, கிளட்சை அழுத்தி, நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, இன்ஜின் வேகம் இறங்கியதும் தள்ளவும். மேலிலிருந்து கீழுக்கு வருவதுதான் சோதனை. விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறுவதால் இன்ஜினும் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, த்ராட்டிலைத் திறந்து வேகம் ஏற்றி, மறுபடி கிளட்சை அழுத்திக் கீழ் கியரைப் போடவும். மேடு வருகிறது என்றால் வண்டி திணறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். கறகறவென்ற சத்தத்தோடு போட்டால் டாக் பற்களின் முனை உருண்டுவிடும். உருண்ட பல் பாரம் ஏறியதும் கியரிலிருந்து தானாக நழுவும். அப்படி நழுவும் வண்டியில் முதலில் லீவர் இணைப்பைப் பாருங்கள். டாக் முழு ஆழத்துக்குப் போய்ப் பொருந்தவில்லை என்றால் இணைப்பின் நீளத்தைச் சரிசெய்தாலே போதும். பொருந்தியும் நழுவினால் பற்களை மறுபடி கட்டிச் செதுக்க வேண்டியதுதான்.

ரிவர்ஸ் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

இறங்கித் தள்ள வேண்டும். ஒருவரே தள்ளக்கூடிய எடைதான். சரிவில் நிறுத்தும்போது மூக்கு இறக்கத்தைப் பார்த்து, முன்னால் இடம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

செயினை எப்படிச் சரிசெய்வது? ஒரு செயின் தளர்வாகவும் இன்னொன்று இறுக்கமாகவும் இருக்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் கெடுவதும் இங்கேதான். பின் ஃபோர்க் குறுக்கு ஷாஃப்டின் அதே மையத்தில் ஆடுவதால், ஸ்பிரிங் ஏறி இறங்கினாலும் செயினின் இறுக்கம் மாறாது. ஆகவே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கவலை இல்லாமல் எந்த நிலையிலும் அளக்கலாம். ஆனால் சக்கரத்தை மெதுவாக முழுச் சுற்று சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக மொத்தம் முக்கால் அங்குலம் ஆட்டம் இருக்கலாம்.

சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது இரு பக்கமும் ஒரே அளவு இழுக்கவும். ஒரு பக்கம் அரை சுற்று கூடினாலும் சக்கரம் சாய்ந்து இரண்டு செயினும் ஸ்ப்ராக்கெட்டின் பக்கத்தை அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்பு பற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று தெரியும்.

இரண்டு செயினுக்கும் சரிசெய்யும் இடம் ஒன்றே. அதனால் அதிகம் ஓடிய மேல் கியர் செயின் நீண்டு தொங்கும்போது, அதற்காகச் சக்கரத்தை இழுத்தால் மற்ற செயின் வில் நாண் போல விறைத்துவிடும். விறைத்த செயின் பெவல் பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். செயினை மாற்றும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எப்போதும் இறுக்கமான செயினை வைத்தே சரிசெய்யுங்கள். தளர்ந்ததிலிருந்து வேண்டுமானால் அரை கண்ணியைக் குறைத்துப் பார்க்கலாம். ஓரடி நீளத்தில் கால் அங்குலம் நீண்டிருந்தால் அந்த செயினின் ஆயுள் முடிந்தது. எங்கள் பரிந்துரை: இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயின் சீக்கிரமே பழையதாகிவிடும்.

இணைப்புக் கண்ணியின் ஸ்பிரிங் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, உருக்கிய கிராஃபைட் கிரீஸில் ஊறவைத்து, வழியவிட்டுத் துடைத்து மாட்டும் பழைய முறையே இன்றும் சிறந்தது. மேலே மட்டும் எண்ணெய் தடவினால் அது ரோலருக்குள் போகாது. தூசியைப் பிடிக்கும், பிரேக்கிலும் தெறிக்கும்.

கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கிறது. அல்லது நழுவுகிறது.

தோல் உறை போட்ட கோன் கிளட்சில் இரண்டுக்கும் காரணம் தோலின் நிலைதான். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும். விளக்கெண்ணெயை மெல்லத் தடவி, பெடலை அழுத்திய நிலையில் கட்டையால் முட்டுக்கொடுத்து ஓர் இரவு ஊறவிடவும். எண்ணெய் ஏறி நழுவினால் பெட்ரோலில் துடைத்துவிட்டு முல்தானிமட்டித் தூளைத் தூவவும். அடிக்கடி நழுவினால் தூவிக்கொண்டே இருக்காதீர்கள். எண்ணெய் இன்ஜினின் பின் பேரிங் வழியாகத்தான் வருகிறது, அங்கே பார்க்கவும். பின்னாளில் துணி வகை லைனிங் போட்ட வண்டிகளுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம்.

புகை எவ்வளவு வந்தால் சரி?

இந்த இன்ஜின்களில் ஆயில் சுற்றி வருவதில்லை. டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகப் போய், வேலை செய்து, எரிந்தும் கசிந்தும் வெளியேறிவிடும். டேஷ்போர்டில் உள்ள கண்ணாடிக் குமிழில் சொட்டு விழுவது தெரியும். திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். த்ராட்டிலைத் திறக்கும்போது சைலன்சரில் மெல்லிய நீலப்புகை தெரிய வேண்டும். புகையே இல்லை என்றால் உடனே கூட்டுங்கள். பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாத அளவு புகைத்தால் குறைக்கவும். நீண்ட மேட்டுக்கு முன் கைப்பம்பால் ஒரு தடவை அதிகம் கொடுப்பது நல்ல பழக்கம்.

ஆயில் எஸ்ஏஈ 50 மோனோகிரேட் மினரல். விளக்கெண்ணெய் அடிப்படையிலான பந்தய ஆயிலை இதோடு கலக்கவே கூடாது.

வண்டியை நிறுத்தினால் டேங்க் ஆயில் மெல்ல இறங்கிக் கிராங்க் கேஸை நிரப்பும். அடுத்த தடவை ஹேண்டில் கனமாகச் சுற்றும், புகை மண்டலம் கிளம்பும். அதனால் நிறுத்தியதும் ஆயில் டேப்பை மூட வேண்டும். மூடிய டேப்பைத் திறக்க மறந்து ஓட்டினால் சில மைல்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு டேப்பையும் ஒரே கம்பியில் இணைத்துவிடுங்கள்: ஆயில் திறக்காமல் பெட்ரோல் திறக்காது.

ஸ்டியரிங் உதறுகிறது.

முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் ஒரு செங்குத்துத் தூணில் மேலும் கீழும் வழுக்கி ஏறி இறங்குகின்றன. மேலே பெரிய ஸ்பிரிங், கீழே திரும்பும் அடியைத் தாங்கச் சிறிய ஸ்பிரிங். 1910 காலத்துச் சிறு வண்டிக்கு முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குவது அபூர்வம். ஆனால் அதே தூணில்தான் சக்கரம் திரும்பவும் செய்கிறது. இரட்டை வேலை என்பதால் தூணைச் சுற்றியுள்ள வெண்கல உறையான புஷ் சீக்கிரம் தேயும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒருவர் அசைக்கட்டும், இன்னொருவர் தூணைப் பார்க்கட்டும். ஹப் மட்டும் அசைந்தால் பேரிங்கை இறுக்கினால் போதும். தூணோடு சேர்ந்து ஆட்டம் தெரிந்தால் புஷ் மாற்ற வேண்டும். தூணே நடுவில் ஒடுங்கிப் படி விழுந்திருந்தால் புது புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை. பிரிக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கிளாம்ப் போடாமல் நட்டைக் கழற்றாதீர்கள். கிரீஸ் துப்பாக்கியைத் தூணுக்கு அடிக்கடி காட்டுங்கள். இந்த வண்டியில் கிரீஸ் அதிகமாகப் போய்விட்டது என்று வருந்தத் தேவையில்லாத இடம் இது ஒன்றுதான்.

பிரேக் நம்பகமானதா?

ஆரம்பத்தில் இரண்டு பிரேக்குமே பின்சக்கரத்தில்தான், பட்டை வகை. ஒன்று காலுக்கு, ஒன்று கைக்கு. எவ்வளவு அழுத்தினாலும் சாலையைப் பிடிப்பது ஒரே டயர். 1920களில் முன்சக்கர பிரேக் வந்தது, கை லீவரில் கேபிளால் இயங்கியது. உங்கள் வண்டியில் அது இருந்தால் கையால் பிரேக் பிடிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பெவல் பாக்ஸில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினால் முனைகளில் கசிந்து பட்டையில் ஏறும். நன்றாக இருந்த பிரேக் திடீரென்று மோசமானால் முதலில் அங்கே பாருங்கள்.

பின் டயர் பஞ்சரானால்?

நேரம் பிடிக்கும் வேலை. வாலைத் தூக்கி முட்டுக்கொடுத்து, இரண்டு செயினின் இணைப்புக் கண்ணிகளையும் கழற்றி, பிரேக் இணைப்புகளை விடுவித்து, அச்சை உருவிச் சக்கரத்தை எடுக்க வேண்டும். வண்டியில் எப்போதும் இரண்டு உதிரி இணைப்புக் கண்ணிகள், அவற்றின் கிளிப்புகள், ஒரு ட்யூப், தடிமனான ஒரு மரத்துண்டு இருக்கட்டும். கழற்றும் முன் இரு பக்கச் சரிசெய்யும் திருகுகளின் நிலையைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். எளிதில் கழற்றி மாற்றும் சக்கரங்களும் ஸ்டெப்னியும் 1933 வாக்கில்தான் வந்தன.

பழைய விளிம்பு வகை டயர், காற்றழுத்தத்தால் மட்டுமே ரிம்மில் நிற்கிறது. காற்று இறங்கினால் வளைவில் கழன்றே போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அழுத்தம் பாருங்கள்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

கம்ப்ரஷன் மிகக் குறைவு என்பதால் ஆக்டேன் பற்றிக் கவலை இல்லை. எத்தனால்தான் பிரச்சினை: கார்புரேட்டரின் கார்க் மிதவைக்குப் பூசிய அரக்கைக் கரைத்துவிடும், மிதவை பெட்ரோலில் ஊறி மூழ்கும், கார்புரேட்டர் வழியும். பித்தளை மிதவைக்கு மாற்றிவிடுவது நல்லது.

தண்ணீரால் குளிரும் இன்ஜினில் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுற்றுகிறது. ரேடியேட்டரில் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று நின்றுபோகும்.

எந்த இன்ஜின் நல்லது?

ஜே.ஏ.பி., மேக், பிளாக்பர்ன், ஆன்ஸானி எனப் பலவும் வந்தன. தினசரி ஓட்டத்துக்கு ஜே.ஏ.பி. சைட் வால்வ் 980 சிசி போதும், உருளையின் விட்டம் 85.7 மிமீ, ஸ்ட்ரோக் 85 மிமீ. உதிரி பாகமும் அதற்கே எளிதில் கிடைக்கிறது. இரு சிலிண்டருக்கும் இடையே 50 டிகிரி என்பதால் வெடிப்பு 310, 410 டிகிரி இடைவெளியில் மாறி மாறி வரும். அந்த நொண்டித் தாளம் கோளாறு அல்ல.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1912இல் எச்.எஃப்.எஸ். மார்கன் புரூக்லேண்ட்ஸில் ஒரு மணி நேரத்தில் 60 மைலுக்குச் சற்றே குறைவாக ஓடினார். 1913இல் டபிள்யூ.ஜி. மெக்மின்னீஸ் பிரான்சின் ஆமியான் பந்தயத்தில் முதலில் வந்தார். 1930இல் பிரான்சின் மான்ட்லேரி பந்தயத் தடத்தில் குவெண்டா ஸ்டூவர்ட் மணிக்கு 115 மைலைத் தாண்டினார்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பாடி மரச்சட்டமும் தகடும்தான், புதிதாகக் கட்டலாம். அதனால் பெயிண்டில் மயங்க வேண்டாம். குழாய்கள் இணையும் லக்குகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, பெவல் பாக்ஸ் வார்ப்பில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி இரண்டு கியரிலும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். பெவல் பற்களில் ஓரிடத்தில் மட்டும் முனகல் கேட்டால் விலையைக் குறைத்துப் பேசவும். பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை சந்தையில் ஏராளம். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பத்திரங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இங்கிலாந்தின் மார்கன் த்ரீ வீலர் கிளப்பிலும் விசாரியுங்கள், உதிரி பாகத்துக்கும் அவர்களே வழிகாட்டுவார்கள்.

1931 இறுதியில் வந்த மூன்று கியர் வண்டியில் ரிவர்ஸ் உண்டு, செயினும் ஒன்றே. மலைப்பாங்கான ஊரில் குடும்பத்தோடு ஓட்டுவதாக இருந்தால் அதையே தேடுங்கள். இயந்திரத்தைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இரண்டு கியர் வண்டியைத்தான் சொல்வோம்.